பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. பைலட் ஆக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

டாக்டர் ஆக வேண்டும் என்கிற பிள்ளைக்குச் சொல்ல எங்களிடம் விவரம் இருக்கிறது. நீட், கட்-ஆஃப், 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று வரிசையாகச் சொல்வோம். பைலட் என்கிற பிள்ளையிடம் 'நல்லாப் படி, பார்க்கலாம்' என்பதோடு முடித்துக்கொள்கிறோம். வகுப்பில் சில பேர் சிரிப்பார்கள். மதுரையில் இறங்கும் விமானங்கள் எங்கள் பள்ளிக்கு மேலேதான் போகின்றன. அவற்றை ஓட்டுகிறவர் என்ன படித்தார், எந்த வயதில் எதை எழுதினார் என்று கேட்டால் பள்ளியில் அநேகமாக ஒருவருக்கும் தெரியாது.

தெரியாத இடத்தில் தவறான செய்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் திட்டத்தை எழுதி வைத்திருந்தாள். பிளஸ் டூ, பிறகு பி.இ. ஏரோநாட்டிகல், பிறகு பைலட். ஒவ்வொன்றுக்கும் நேரே ஆண்டு போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருந்தாள். அவ்வளவு ஒழுங்கான திட்டம், ஆனால் நடுவில் இருக்கும் படிப்பு வேறு வேலைக்கானது. ஏரோநாட்டிகல் பொறியியல் விமானத்தை வடிவமைக்கவும் செய்யவும் கற்றுத் தருகிறது. விமானி ஆவதற்கு அந்தப் பட்டம் தேவையே இல்லை. நான்கு வருடமும் அப்பாவின் பணமும் போன பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு.

உண்மையான வழி இதைவிட நேரானது. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 16 வயதில் மாணவ விமானி உரிமம் தருகிறது. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 17 வயதில் தனியார் விமானி உரிமம். 18 வயதில் சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமம். இந்தச் சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணமும் இரவில் பறந்த அனுபவமும் வேண்டும். வழி கண்டறிதல், வானிலை, விமான விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் தேர்வு உண்டு. ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கதவு இருக்கிறது. அதன் சாவி உங்கள் துறையிடம்தான் இருக்கிறது. சிபிஎல்லுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் வேண்டும். சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டோம், போதும் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள ப்யூர் சயின்ஸ் குரூப்பில் கணக்கு கிடையாது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்த பிள்ளையை 'கணக்கு வேண்டாம்மா, கஷ்டப்படுவே' என்று அந்தப் பக்கம் அனுப்பிவைக்கிறோம். அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால் சேர்க்கை மேசையில் பத்து நிமிடத்தில் நிரப்பப்படும் அந்தப் படிவம் ஒரு பிள்ளையின் வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்டவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக விடுபட்ட பாடத்தைத் தனியாக எழுதித் தேறலாம். அதையும் எந்தப் பள்ளியும் சொல்வதில்லை. இந்தப் பாடக் கட்டாயத்தைத் தளர்த்த டிஜிசிஏ யோசித்துவருவதாக 2025இல் செய்திகள் வந்தன. தளர்ந்தாலும் கணக்கும் இயற்பியலும் தெரியாமல் அந்தத் தேர்வுகளை எழுத முடியாது என்பதே என் எண்ணம்.

அடுத்தது உடல் தகுதி. நான் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான். பைலட் பயிற்சிக்கு இரண்டு கட்ட மருத்துவப் பரிசோதனை உண்டு. இரண்டாம் வகுப்புச் சான்றை டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் சில ஆயிரம் ரூபாய் செலவில் எடுத்துவிடலாம். வணிக விமானிக்கு அதைவிடக் கடுமையான முதல் வகுப்புச் சான்று வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் பைலட் ஆக முடியாது என்று ஊரில் சொல்வது தவறு. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறப்பார்வை அப்படியல்ல. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறை பிறவியிலேயே வருவது. பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம். அன்றாட வாழ்க்கையில் அது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

விமானத்தில் அது உடனே தெரியும். ஓடுதளத்தின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். சரியான சரிவில் இறங்கும் விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். உயரத்தில் இருந்தால் நான்கும் வெள்ளை, தாழ்ந்துவிட்டால் நான்கும் சிவப்பு. எதிரே இரவில் வரும் விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை. அது எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ரேடியோ பழுதானால் கோபுரத்திலிருந்து காட்டும் ஒளியும் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று நிறம் மாறித்தான் வரும். விதி கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை வைத்து ஒரு பிள்ளையைச் சோதிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நம் பள்ளிகளுக்குக் கண் பரிசோதனை முகாம் வருகிறது. தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்கிறார்கள், கண்ணாடி கொடுக்கிறார்கள். அதோடு அந்த அட்டைகளையும் புரட்டிக் காட்டச் செய்யுங்கள். ரயில் ஓட்டுநர் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் அது உதவும். நிலத்தை விற்று முன்பணம் கட்டிய பிறகு நிறப்பார்வை சரியில்லை என்று கேட்கும் தகப்பனின் நிலையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு 15 வயதில் தெரிந்திருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு வேறு வழியைத் தேடியிருக்கும். இந்தப் பாதையில் பணம் கடைசியாக வர வேண்டியது. விவரம் இல்லாத குடும்பங்களில் அதுதான் முதலில் போகிறது.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் பேசிவிடுகிறேன். சிபிஎல் வாங்கவே அரைக்கோடி ரூபாய் அளவுக்கு ஆகிறது. ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம். ஈடு இல்லாமல் வங்கி தரும் கல்விக்கடன் பொதுவாக ரூ.7.5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே இன்றைக்கு இது வீடோ நிலமோ வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகளின் வேலை. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், பொது அறிவு, தர்க்கம் என்று பிளஸ் டூ அளவிலான கேள்விகள். எங்கள் பிள்ளைகள் தயாரானால் எழுதக்கூடியவையே. தேர்ச்சி பெற்றாலும் கட்டணம் லட்சங்களில்தான்.

ஐஐடி, எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் பட்டப்படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. அந்தப் பட்டியலில் இந்த அகாடமியையும் சேருங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் போனாலே அதிகம், கருவூலம் தாங்கும். பட்டியலினப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்திலேயே சிபிஎல் படிப்புக்கு இடம் இருக்கிறது என்பதையும் பள்ளிகளுக்கு எழுதிச் சொல்லுங்கள். கர்நாடக அரசு பெங்களூரு ஜக்கூரில் தானே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியை வைத்திருக்கிறது. கேரள அரசு திருவனந்தபுரத்தில் வைத்திருக்கிறது. பயிற்சிப் பள்ளி அமைக்க விமான நிலைய ஆணையம் 2022இல் தேர்ந்தெடுத்த இடங்களில் நம் சேலமும் ஒன்று. பயிற்சிப் பள்ளி அமைப்பது உங்கள் துறையின் வேலை இல்லை. ஆனால் அங்கே சேரும் பிள்ளைகள் எந்தப் பள்ளிகளிலிருந்து வருவார்கள் என்பது உங்கள் துறையின் வேலைதான்.

உங்கள் கையெழுத்தோடு முடியக்கூடிய சின்ன விஷயம் ஒன்றும் உண்டு. தேர்வெழுத டிஜிசிஏவிடம் கணினி எண் வாங்க வேண்டும். அதற்கு மதிப்பெண் சான்றிதழின் உண்மைத்தன்மையை உறுதிசெய்து தர வேண்டியது அரசுத் தேர்வுகள் இயக்ககம். விமானி பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு அதை இத்தனை நாளுக்குள் தருவோம் என்று ஒரு காலக்கெடு வையுங்கள்.

வேலை நிச்சயம் என்று பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் கேட்டு ஒப்பந்தம் போட்டன. அதைக் காட்டித்தான் பயிற்சி நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. 2012இல் கிங்ஃபிஷரும் 2019இல் ஜெட் ஏர்வேஸும் நின்றபோது அனுபவமுள்ள விமானிகளே தெருவில் நின்றார்கள். உரிமம் வாங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இப்போதும் உண்டு. அதனால் பக்கத்திலேயே ஒரு பட்டப்படிப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றைத் துணிந்து சொல்வேன். இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் பெண்கள். உலக சராசரியைவிட இது மிக அதிகம்.

பள்ளிக்கூடத்தால் பறக்க வைக்க முடியாது. ஆனால் பறப்பவருக்கு வேண்டிய கணக்கை வகுப்பறையிலேயே காட்ட முடியும். மதுரையிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். திசையில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் போய்ச் சேரும்போது ஏழு கிலோமீட்டர் தள்ளி நிற்போம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான் இது. அறுபது மைலுக்கு ஒரு மைல் என்று விமானிகள் மனக்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். சென்னை விமான நிலையம் அரை மணிக்கு ஒருமுறை ஒரு வரியில் வானிலை அறிக்கை வெளியிடுகிறது. அதில் 09008 என்று இருந்தால் கிழக்கிலிருந்து 8 நாட் வேகத்தில் காற்று. 31/24 என்றால் வெப்பம் 31 டிகிரி, பனிநிலை 24. இதைப் பலகையில் எழுதிப்போட்டால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காருகிறது. அந்த இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால் மூடுபனி வரலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எழுதும் விமானித் தேர்வைப் பற்றிய பயம் குறைவதும் இப்படித்தான். புரிந்த விஷயத்தின் ஆங்கிலச் சொல்லை அது தானாகவே பிடித்துக்கொள்கிறது.

2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' வழிகாட்டலின் கீழ் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு விமானி ஆவது பற்றி ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். எந்தக் குரூப், எந்த வயதில் எந்தச் சான்று, மருத்துவப் பரிசோதனை எப்போது, செலவு எவ்வளவு, பொறியியல் பட்டம் ஏன் தேவையில்லை என்பது அதில் இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிவு வந்தவுடனே பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் அதற்கு முன்பே, கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்குள், எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்,
சிவகங்கை மாவட்டம்