ஈரல் நோயாளிக்கு விரதம் வேண்டாம், வேளைக்குச் சாப்பாடு போடுங்க



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல ஈரல் நோயாளி யாராவது இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் வாசிங்க.

நம்ம தொண்டர் குழு ஆஸ்பத்திரிக்கும் வீடுகளுக்கும் போய் நோயாளிகளைப் பார்த்துட்டு வர்றது உங்களுக்குத் தெரியும். அதுல ஈரல் இறுகிப்போன நோயாளிகள், அதாவது டாக்டர்கள் சிரோசிஸ்னு சொல்ற நோய் உள்ளவங்க, நிறைய பேர். சிலர் ஆபரேஷனுக்குக் காத்திருக்காங்க, சிலர் முடிச்சு வந்திருக்காங்க. அந்த வீடுகள்ல நாங்க பார்க்கிறதை வெளிப்படையா சொல்லணும். பக்தியிலும் பாசத்திலும் நாம செய்ற சில காரியங்களே நோயாளிக்குக் கெடுதலா முடியுது. அதை ஆலயத்துக்காரங்களே சொன்னாத்தான் சனங்க கேட்பாங்க. அதனாலதான் இதை எழுதுறோம்.

முதல்ல விரதம். அப்பாவுக்கு ஆபரேஷன்னு நாள் குறிச்சதும், அவரையே வெள்ளிக்கிழமை, சஷ்டி, கிருத்திகைன்னு விரதம் இருக்க வைக்கிறோம். நல்ல ஈரல் சர்க்கரையைச் சேமிச்சு வச்சு, சாப்பிடாத நேரத்துல உடம்புக்குக் கொடுக்கும். இறுகிப்போன ஈரலால அது முடியாது. ஒரு ராத்திரி வெறும் வயிறா இருந்தாலே, நல்லா இருக்கிறவர் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்த மாதிரி அவங்க உடம்பு தசையைக் கரைக்க ஆரம்பிச்சிடும். தசை கரைஞ்சு போனவருக்கு ஆபரேஷனைத் தாங்குற சக்தியும் குறையும். அதனால அவங்க மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா சாப்பிடணும். படுக்கப் போகும் முன்னால ரொட்டி, இட்லி, பால்னு ஏதாவது கண்டிப்பா உள்ளே போகணும். ஆபரேஷனுக்கு முன்னால ஆஸ்பத்திரியில சாப்பிடாதேன்னு சொல்ற நேரம் மட்டும் வேற. அதை அப்படியே கேட்கணும். மற்றபடி, அவருக்காக வீட்டுல வேற யாராவது விரதம் இருக்கட்டும். முருகன் ஏத்துக்குவார்.

அடுத்தது புரதம். 'ஈரல் நோய்க்காரங்க முட்டை, பருப்பு தொடக்கூடாது'ன்னு இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அது பழைய காலத்துப் பேச்சு. இப்ப டாக்டர்கள் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் புரதம் வேணும்னு சொல்றாங்க. 60 கிலோ உள்ளவருக்கு 72-லிருந்து 90 கிராம். சைவக்காரங்களுக்கும் வழி இருக்கு. பருப்பு, தவ்வு, தெம்பே, தயிர், பால் எல்லாமே நல்லது.

உப்பு விஷயத்துல நம்ம அன்னதானக் கூடத்தையும் சேர்த்துத்தான் சொல்றோம். வயித்துல நீர் கோத்தவங்க ஒரு நாள் முழுக்க ஏறக்குறைய 5 கிராம் உப்புக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள, நிக்கணும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சாம்பார்னு நம்ம ஒரு வேளை இலையிலேயே அது போயிடும். வீட்டுல கருவாடு, கிச்சாப், மேகி மீன்னா சொல்லவே வேணாம். சமையல் பொறுப்பாளர்கள்கிட்ட எங்க வேண்டுகோள் ஒண்ணுதான்: உப்பு போடுறதுக்கு முன்னால ஒரு சின்னப் பாத்திரத்துல தனியா எடுத்து வைங்க. கேட்கிறவங்களுக்குக் கொடுக்கலாம். செலவு ஒண்ணும் இல்ல.

இப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு. ஈரல் கழிவைச் சுத்தம் பண்ணாம விட்டா அது மூளையைத் தாக்கும். பகல்ல தூங்குவாங்க, ராத்திரி முழிச்சிருப்பாங்க. சம்பந்தமில்லாம பேசுவாங்க, கை உதறும், சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாது. இந்த நிலையில 'காத்துக் கருப்பு பிடிச்சிருச்சு, கயிறு மந்திரிச்சுக் கட்டுங்க'ன்னு ஆலயத்துக்குக் கூட்டி வர்றாங்க. தயவு செஞ்சு வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், காய்ச்சலோட வயித்து வலி, இதுக்கும் அப்படித்தான். 999-க்குப் போன் பண்ணுங்க, திருநீறு போற வழியில பூசிக்கலாம். டாக்டர் கொடுக்கிற லாக்டுலோஸ் இனிப்பு மருந்தை 'வயித்தால போகுது'ன்னு நிறுத்திடுறாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை இளக்கமா போகணும்னுதான் அதையே கொடுக்கிறாங்க. கழிவு வெளியேறினாத்தான் மூளை தெளியும். அதுக்கு மேல போனா அளவைக் குறைக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

வாட்ஸ்அப்ல வர்ற ஈரல் மருந்து, ஜாமு, வேர், பொடி எதுவா இருந்தாலும் டாக்டருக்குத் தெரியாம கொடுக்காதீங்க. கீழாநெல்லி சாறு குடிச்சாலும் ஆபரேஷனுக்கு முன்னால வாய் விட்டுச் சொல்லிடுங்க. உடம்பு வலின்னு கடையில இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் வாங்கிப் போடக்கூடாது. சிறுநீரகம் கெடும், ரத்தக் கசிவும் வரலாம். பாராசிட்டமால்கூட டாக்டர் சொன்ன அளவுதான்.

ஆபரேஷன் முடிஞ்ச பிறகு நம்ம பாசம் இன்னும் அதிகமாகும். வேன் பிடிச்சு பதினஞ்சு பேர் பார்க்கப் போவோம். ஈரல் மாற்று சிகிச்சை செஞ்சவங்களுக்கு, புது ஈரலை உடம்பு ஒதுக்கித் தள்ளாம இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை கொடுப்பாங்க. பெரும்பாலும் ஆயுசுக்கும் அதைச் சாப்பிடணும், நேரம் தவறவே கூடாது. முதல் சில மாசம் நம்ம சாதாரணச் சளியே அவங்களுக்குப் பெரிய ஆபத்து. ரெண்டு பேர் போங்க, மாஸ்க் போடுங்க, கையைக் கழுவுங்க, பத்து நிமிஷத்துல வந்திடுங்க. காயத்து மேல திருநீறு, சந்தனம் பூசாதீங்க, நெத்தியோட நிறுத்துங்க. அபிஷேகம் பண்ணின பச்சைப் பால், தீர்த்தம், வெட்டி வெளியில வச்ச பழம் கொடுக்காதீங்க. வேகாத கெராங்கும் கூடாது. லீமாவ் பாலி, அதாவது பம்பளிமாஸ், மாத்திரையோட சேர்ந்தா ரத்தத்துல மருந்தின் அளவு ஏறிடலாம். பழக்கூடையில அது வேண்டாம்.

நேர்த்திக்கடன் பத்தியும் பலர் கேட்கிறாங்க. 'பிழைச்சு வந்தா தைப்பூசத்துக்கு அலகு குத்தி காவடி எடுக்கிறேன்'னு வேண்டிக்கிறாங்க. வயித்துல இவ்ளோ பெரிய தையல் போட்டவர் பாரம் தூக்கக்கூடாது. ஈரல் கெட்டவருக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. மாற்று ஈரல் வச்சவருக்குக் கிருமி சீக்கிரம் தொத்தும். அவர் பேர்ல மகனோ தம்பியோ பால்குடம் எடுக்கலாம். அவர் வீட்டுல விளக்கேத்தினாலும் அது காணிக்கைதான்.

இன்னொண்ணு மனசுல பட்டதைச் சொல்லிடுறோம். சிரோசிஸ்னு கேட்ட உடனே 'குடிச்சாரா?'ன்னு கேட்கிறதை நிறுத்துவோம். குடியால வருது, உண்மை. ஹெப்பாடைட்டிஸ் பி, சி கிருமியாலயும் வருது. சீனி வியாதி, உடல் எடையோட வர்ற கொழுப்பு ஈரலாலயும் வருது. குடிச்சே வந்தது என்றாலும், இப்ப அவர் அதை விடுறதுக்கு நம்ம துணைதான் வேணும். நாம கேட்கிற கேள்வியில கூசிப்போய் ஆலயத்துக்கு வர்றதையே நிறுத்தின குடும்பங்கள் இருக்கு. அந்த நேரத்துலதான் அவங்களுக்கு நாம வேணும்.

'ஆலயத்துல டாக்டர் வேலை எதுக்கு?'ன்னு சில பெரியவங்க கேட்கலாம். நாங்க மருந்து சொல்லல. டாக்டர் சொன்னதை நம்ம பழக்கவழக்கம் கெடுக்காம இருக்கணும்னுதான் சொல்றோம். அர்ச்சனை பண்ணுங்க, கூட்டுப் பிரார்த்தனை வைங்க, நாங்களும் வந்து நிற்போம். அதே குடும்பத்துல ராத்திரி பகலா விழிச்சிருக்கிற அந்த அம்மாவையும் பாருங்க. ஈரல் மாற்று சிகிச்சை செய்ற அரசு ஆஸ்பத்திரி செலாயாங்ல, நம்ம பத்துமலைக்குப் பக்கத்துலதான் இருக்கு. வெளி மாநிலத்துலேருந்து வர்ற குடும்பங்கள் தங்க இடமில்லாம, சாப்பாடு சரியில்லாம அலையுறாங்க. ஒரு நாள் காரை ஓட்டிக் கொடுங்க. ஒரு ராத்திரி நீங்க கண் முழிங்க, அந்த அம்மா தூங்கட்டும். உப்பு குறைச்சு ஒரு வேளை சமைச்சுக் கொடுங்க. கும்பாபிஷேகத்துக்கு உபயம் கொடுக்கிறதுக்கு இது எந்த விதத்திலும் குறைஞ்சது இல்ல.

உதவி செய்ய நினைக்கிறவங்களும், உதவி தேவைப்படுற குடும்பங்களும் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் தொண்டர் மேசைக்கு வாங்க. காரணம் கேட்க மாட்டோம்.

மத்த ஆலயக் குழுக்களுக்கும் பகிருங்க.

ஓம் சரவணபவ. தொண்டர் குழு.