பனிப் புனிதர்களும் கத்தரி நாற்றும்

ஏப்ரல் பிறந்தால் பிரான்சில் இருக்கும் நம் புதுச்சேரிக் குடும்பங்களில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "அப்பா, வெயில் நன்றாக அடிக்கிறது. கத்தரி, மிளகாய் நாற்றையெல்லாம் தோட்டத்தில் வைத்துவிடலாமா?" என் மகளும் ஆண்டுதோறும் கேட்கிறாள். பாரிசுக்கு வெளியே வீட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. என் பதிலும் ஆண்டுதோறும் ஒன்றுதான்: மே மாதம் பாதி கழியட்டும்.

"அதெல்லாம் அந்தக் காலம் அப்பா. இப்போது பூமியே சூடாகிவிட்டது" என்பாள். இங்கேதான் எனக்கும் இந்தத் தலைமுறைக்கும் வழக்கு.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, உறைபனியைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதன் காவலர்கள் பெயர் தெரியும். சேன் மமேர், சேன் பங்க்ராஸ், சேன் செர்வே. மே 11, 12, 13 இவர்களுடைய திருநாட்கள். மூவருக்கும் சேர்த்து 'பனிப் புனிதர்கள்' என்று பெயர். இவர்கள் போன பிறகுதான் மென்மையான செடிகளை வெளியே நட வேண்டும் என்பது அந்நாட்டுக் குடியானவர் விதி. புதுச்சேரியில் கத்திரி வெயில் கொளுத்தும் அதே நாட்களில் அங்கே கத்தரிச் செடிக்குக் குளிர் பயம்! நமக்கு ஆடிப்பட்டம் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. நம் பட்டம் மழையைப் பார்க்கிறது, அவர்கள் பட்டம் பனியைப் பார்க்கிறது.

இப்போதைய பிரெஞ்சு நாட்காட்டியில் அந்த மூவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அந்த இடங்களில் எஸ்தெல், அஷீல், ரொலாந்த் என்று வேறு பெயர்கள். பெயரை மாற்றினாலும் குளிருக்குத் தாக்கீது போகவில்லை.

அதற்காக இந்தத் தேதியைச் சாசனமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1582இல் நாட்காட்டியைத் திருத்தியபோது பிரான்சில் டிசம்பர் 9க்கு மறுநாள் டிசம்பர் 20 ஆயிற்று. நடுவே பத்து நாள் மாயம். பழைய கணக்கின் மே 11 புதிய கணக்கில் மே 21 அல்லவா? ஆகவே இது வானிலிருந்து வந்த ஆணை அல்ல. பல தலைமுறைகள் பட்ட அடியைச் சுருக்கி எழுதிய ஒரு குறிப்பு. குமாஸ்தா பாஷையில் சொன்னால், இது அரசாணை அல்ல, முன் நிகழ்வுகளைத் தொகுத்த கோப்பு. கோப்பைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். தூக்கி எறியவும் கூடாது, கும்பிட்டு விழவும் கூடாது.

"பூமி சூடாகிவிட்டதே" என்ற வாதத்துக்கு வருகிறேன். சூடாவது உண்மை. ஆனால் அதனால் ஆபத்து குறைந்தது என்பது அவசர முடிவு. 2021 மார்ச் கடைசியில் பிரான்சில் கோடை போல வெயில் அடித்தது. திராட்சை, வாதுமை மரங்களெல்லாம் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பித் துளிர்த்தன. ஒரு வாரம் சென்று, ஏப்ரல் முதல் பாதியில், கடும் உறைபனி விழுந்தது. திராட்சைத் தோட்டங்களில் இரவு முழுக்க ஆயிரக்கணக்கான தீச்சட்டிகள் எரித்தும் பல இடங்களில் துளிர் கருகிப்போனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த மிகப் பெரிய வேளாண் பேரிடராக இது இருக்கக்கூடும் என்று அன்றைய வேளாண் அமைச்சர் தெனோர்மாந்தி சொன்னார். செடி முன்கூட்டியே விழிக்கிறது, பனி அதே அளவு முன்கூட்டியே விடைபெறுவதில்லை. இடைப்பட்ட அந்தச் சில வாரங்கள்தான் கண்டம்.

"கைபேசியில் 3 டிகிரி என்றுதானே போட்டிருந்தது, பிறகு எப்படிக் கருகியது?" இது அடுத்த கேள்வி. வானிலை நிலையத்தில் வெப்பமானியைத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் வைத்து அளக்கிறார்கள். நாற்று இருப்பது தரையில், வெட்டவெளியில். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் மண்ணும் இலையும் தம் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகின்றன. சுற்றியுள்ள காற்றைவிட இலை பல டிகிரி குளிர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதத்து நிலவைப் பிரெஞ்சுக் குடியானவர்கள் 'செந்நிலா' என்று அழைத்து, துளிரை அது சுடுகிறது என்று பழி போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அராகோ என்ற அறிஞர் விளக்கினார்: நிலவு வெறும் சாட்சிதான். வானம் தெளிவாக இருப்பதால் நிலவு தெரிகிறது, அதே தெளிவினால் செடியும் குளிர்கிறது. மேகம் என்பது செடிக்குக் கம்பளி.

இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரே தெருவில் மேட்டு வீட்டுச் செடி பிழைக்கும், பள்ளத்து வீட்டுச் செடி போகும். தெற்கு பார்த்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும். பாரிசை ஒட்டிய மோந்த்ரேய் ஊரில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே சுவர் சுவராகக் கட்டி, அவற்றின்மேல் பீச் மரங்களைப் படரவிட்டு வளர்த்தது இந்தக் கணக்கில்தான்.

ஆகவே என் கருத்து இது. நாட்காட்டி ஊருக்குப் பொது, உறைபனி உங்கள் கொல்லைக்குச் சொந்தம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வசந்தத்தில் கடைசியாக எந்தத் தேதியில் புல் வெளுத்தது, இலையுதிர் காலத்தில் முதலில் எப்போது வெளுத்தது, தோட்டத்தின் எந்த மூலையில் என்று எழுதி வையுங்கள். ஐந்து வருடப் பதிவு கையில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பட்டாணி, கீரை, முள்ளங்கி லேசான பனியைத் தாங்கும். அவற்றை மார்ச்சிலேயே போடலாம். கத்தரி, மிளகாய், தக்காளி, பீன்ஸ், பாகல் தாங்காது. இவற்றுக்குப் பருவம் போதாதே என்று தவிப்பவர்கள் பருவத்தை வீட்டுக்குள் நீட்ட வேண்டும், வெளியே அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் ஜன்னலோரம் தொட்டியில் விதை போடுங்கள். ஏப்ரலில் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுங்கள். நடும்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நட வேண்டாம், பாதியைக் கையிருப்பில் வையுங்கள்.

இலையுதிர் காலத்துக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். அக்டோபர் நடுவில் பனி வருமென்றால், இரண்டு மாதத்தில் காய்க்கும் பீன்ஸை ஜூலை கடைசிக்குள் விதைத்தாக வேண்டும். பனிக்கு முதல் நாள் பச்சைத் தக்காளியைப் பறித்துச் செய்தித்தாளில் சுற்றி வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். லீக்ஸும் முட்டைக்கோசும் நிற்கட்டும், அவை குளிர்நாட்டுப் பிள்ளைகள்.

ஒரு நாற்று கடையில் சில யூரோதான், போனால் போகட்டும் என்பார்கள். பத்து வாரம் ஜன்னலோரம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததைக் கடையில் விற்பதில்லை. மே மாதத்தில் அது கருகினால் மறுபடி விதையிலிருந்து தொடங்க அந்த ஊரில் பருவமும் இல்லை. நம் ஊரில் ஒரு பட்டம் தவறினால் இன்னொரு பட்டம் உண்டு. அங்கே வருடத்துக்கு ஒன்றுதான். அதனால்தான் பதினைந்து நாள் பொறுக்கச் சொல்கிறேன்.