இரண்டு மிதிவண்டிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் கரிசல் சீமையில் கணவனும் மனைவியும் மிதிவண்டியில் போவது புதுமையன்று. ஆனால் இருவருக்கும் வண்டி ஒன்றுதான். கணவர் மிதிப்பார்; மனைவி கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு போவார். ஆளுக்கொரு வண்டியில் சேர்ந்து போனால்? தெருவே திரும்பிப் பார்க்கும்! ஏன் பார்க்க வேண்டும் என்பதே என் கேள்வி.

நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அப்படிச் சென்ற தம்பதியர் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஃபேனி புல்லக் வொர்க்மன் அம்மையாரும் அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் 1897ஆம் ஆண்டின் இறுதியில் கீழ்த்திசைப் பயணத்தைத் தொடங்கினார்கள். அம்மையாருக்கு அப்போது வயது 38, கணவருக்கு 50. இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை அவர்கள் மிதிவண்டியில் கடந்தது சுமார் 4,000 மைல். உணவும் தண்ணீரும் கிடைக்க வேண்டுமென்று இருப்புப்பாதையை ஒட்டியே சென்றார்கள். சில இரவுகளை ரயில் நிலையத்துத் தங்கும் அறைகளில் கழித்தார்கள். ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியதும் உண்டாம். நம் நாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றி இருவரும் எழுதிய நூல் 1904இல் வெளிவந்தது. பின்னர், 1912இல், காரகோரம் மலைப் பனியில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் தாளை ஏந்தி நின்றவரும் இந்த அம்மையாரே.

படித்தபோது மெய் சிலிர்த்தது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அம்மையாரின் தந்தை மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்தவர். வீட்டில் செல்வம் இருந்தது. செல்வம் உள்ளவர்க்குப் பாதை தானே திறக்கும். நம்மைப் போன்றவர்க்கு எது முதல்? நண்பர்களின் ஊக்கமே முதல் என்பேன். அதை என் வீட்டிலேயே கண்டேன்.

என் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். பேருந்தை விட்டால் நான்கு கிலோமீட்டர் நடை. பதினொன்றாம் வகுப்பில் அரசு எனக்குத் தந்த மிதிவண்டியோ, நான் கல்லூரிக்குப் பேருந்தில் வரத் தொடங்கியதும் திண்ணையோரம் சும்மா நின்றது. "நீ படிம்மா" என்று கேட்டேன். "இந்த வயசுல எனக்கு எதுக்குத்தா?" என்றார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு களத்துமேட்டுக்கு வந்து நின்றார்.

என் தோழியர் இருவர் வந்தார்கள். ஒருத்தி கைப்பிடியையும் ஒருத்தி கேரியரையும் பிடித்துக்கொண்டார்கள். ஐப்பசி மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். குச்சியால் சுரண்டிச் சுரண்டிப் பழகினார். வேலிக்கருவை முள் குத்தினால் பஞ்சர் கடை அண்ணன் காசு வாங்காமல் ஒட்டித் தந்தார். கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் இரவு மட்டும் அந்த வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய பாராட்டு என் அம்மாவுக்கு வேண்டுமா?

சென்ற பங்குனியில் இருவரும் கழுகுமலைக்குப் புறப்பட்டார்கள். இருபது கிலோமீட்டர், ஆளுக்கொரு வண்டி. தோழியர் கடலைமிட்டாய்ப் பொட்டலமும் காற்றடிக்கும் பம்பும் கொடுத்து அனுப்பினார்கள். பொழுது சாயத் திரும்பி வந்த அம்மா சொன்னார்: "இத்தன வருசமா ஒங்கப்பா முதுகத்தான் பாத்துக்கிட்டுப் போனேன். இன்னைக்குத்தான் ரோட்டப் பாத்தேன்."

நண்பர்களே! கைதட்டுவது மட்டும் ஊக்கமன்று. விழாமல் பிடித்துக்கொள்வதும், சரியான நேரத்தில் பிடியை விட்டுவிடுவதும் ஊக்கம். இதை ஒரு மாவட்டமே செய்து காட்டியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. பழகிய பெண்கள் பழகாத பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்றாகச் சாலைக்கு வந்தபோது யாரைப் பார்த்துத் தெரு சிரிக்கும்?

"இப்போதுதான் மோட்டார் வண்டிகள் வந்துவிட்டனவே" என்று சிலர் சொல்லலாம். எத்தனை வீட்டில் அது பெண்களின் கைக்கு வருகிறது? பெட்ரோலுக்குக் காசு யார் தருவார்? அரசு தந்த மிதிவண்டிகளோ, எங்கள் ஊரில் பல வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்போடு துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றைத் துடைத்து எடுத்தால் போதும்.

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும் ஊரில், காலையில் ஒரு மணி நேரம் அங்குள்ள தாய்மார்க்கு மிதிவண்டி பழக்குவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவியரும் அவர்தம் பெற்றோரும் சேர்ந்து கழுகுமலைக்குப் போவோம். எங்கோ பிறந்த தம்பதியர் கோயில் பார்க்கக் கடல் கடந்து வந்தார்கள். நம் பக்கத்திலேயே பாறையைக் குடைந்து எடுத்த வெட்டுவான் கோவில் இருக்கிறது; என் வகுப்பிலேயே அதைப் பார்க்காத மாணவியர் பலர்.

நிற்கும் வண்டி சாயும். ஓடும் வண்டி சாயாது. இயற்பியல் சொல்லும் இந்த உண்மையை என் அம்மா களத்துமேட்டில் கற்றுக்கொண்டார். இப்போது அடுத்த வீட்டு அக்காவின் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் அவரே.