வாலஸின் வாளும் 1707-இன் வாக்கும்

ஸ்காட்லாந்தை இங்கிலாந்து போரில் வென்று அடிமைப்படுத்தியது, இன்றைய விடுதலைக் கோரிக்கை ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் விட்டுப்போன சண்டையின் மிச்சம் என்றுதான் நம்மில் பலர் நம்புகிறோம். 'பிரேவ்ஹார்ட்' படத்தின் உபயம். 1297-இல் நடந்த ஸ்டர்லிங் பாலச் சண்டையைக் காட்டும் அந்தப் படத்தில் பாலமே கிடையாது. அன்று ஸ்காட்லாந்தை ஜெயிக்க வைத்ததோ பாலம்தான். இரண்டு குதிரைகள் மட்டுமே ஒட்டிப் போகக்கூடிய மரப்பாலம். எதிரிப் படையில் ஒரு பகுதி கடக்கும்வரை பொறுத்திருந்து வாலஸும் அவர் கூட்டாளி ஆண்ட்ரூ மரேயும் பாய்ந்தார்கள்.

வாலஸை 1305-இல் லண்டனில் கொன்றார்கள். ஆனால் போரில் வென்றது ஸ்காட்லாந்து. 1314-இல் பானக்பர்னில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் ஜெயித்தார். 1328 ஒப்பந்தத்தில் இங்கிலாந்தே ஸ்காட்லாந்தைத் தனி நாடென ஒப்புக்கொண்டது. 1603-இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் லண்டன் அரியணையிலும் ஏறினார். பின்னர் இங்கிலாந்தின் கிராம்வெல் ஸ்காட்லாந்தைப் பிடித்து வைத்திருந்ததும் 1660-உடன் முடிந்தது.

சுதந்திரம் பறிபோனது 1707-இல், எடின்பரோ நாடாளுமன்றத்தில். வெளியே கலவரம், குவியும் மனுக்கள். உள்ளே 110 பேர் இங்கிலாந்துடனான இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதற்கு ஈடாக ஸ்காட்லாந்தின் கைக்கு வந்த தொகை 398,085 பவுண்டு. அதில் பெரும்பங்கு, பனாமாவின் டேரியன் குடியேற்றத்தில் முதல் போட்டு மூழ்கியவர்களுக்கு நஷ்டஈடு.

மிரட்டல் இல்லையா? இருந்தது. இணைப்புப் பேச்சுக்கு வராவிட்டால் ஸ்காட்லாந்தின் கால்நடை, லினன், நிலக்கரிக்குத் தடை என்றது 1705-இன் ஆங்கிலேயச் சட்டம். ஆனாலும் பேரம் பேசியவர்களுக்கு லாபமும் கிடைத்தது: ஆங்கிலேயப் பேரரசின் சந்தை திறந்தது. சென்னையில் சேணமில்லாக் குதிரைமேல் சிலையாக இருக்கும் கவர்னர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். பேரரசை நடத்தப் பங்காளியாய்ப் போனவர்களை நம்மோடு சேர்த்து 'அடிமைப்பட்டவர்கள்' என்பது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

இதைச் சொன்னால் விடுதலைக் கோரிக்கை வலுவிழக்கும் என்று பயப்பட வேண்டாம். 1707-இல் யாரும் மக்களைக் கேட்கவில்லை. 2014-இல் கேட்டார்கள், 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். அது மக்கள் தீர்ப்பு, மதிக்கத்தான் வேண்டும். ஆனால் லண்டன் சம்மதமின்றி இன்னொரு வாக்கெடுப்புக்கு எடின்பரோ சட்டம் இயற்ற முடியாது என்று 2022-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இசைந்து சேர்ந்த கூட்டு என்றால், விலகலாமா என்று தன் மக்களைக் கேட்கவே இன்னொருவர் அனுமதி எதற்கு? வாலஸின் வாளைத் தூக்கிப் பிடித்தால் 'எழுநூறு வருஷப் பழம்பகை' என்று லண்டன் தட்டிக்கழித்துவிடும். 1707-ஐ மேசையில் வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.