அலைக்கற்றையிலும் நமக்குக் கடைமடைதானா?

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது பாபநாசம். ரயில் நிற்கிறது, பேருந்து ஓயாமல் ஓடுகிறது, கடைத்தெருவில் 5ஜி கிடைக்கிறது. இதைச் 'சிக்னல் இல்லாத ஊர்' என்று எந்தப் பட்டியலிலும் யாரும் சேர்க்கப் போவதில்லை. ஆனால் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் நம் தெருக்களுக்குள் போனால், வீட்டு இணையம் வாங்கி வைத்திருப்பவர்களிடம் நாங்கள் கேட்பது ஒரே புகார்தான்: "கோடு நாலும் காட்டுது, நெட்டு மட்டும் நகர மாட்டேங்குது. காலைல பறக்குது, சாயங்காலமானா படுத்துடுது."

இதை ரவுட்டர் கோளாறு என்று சொல்லி முடித்துவிடலாம். விற்ற கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பொதுச்சொத்து ஒன்று ஊருக்கு எவ்வளவு, சேரிக்கு எவ்வளவு என்று பங்கிடப்படும் பழைய கதையின் புதிய அத்தியாயம் இது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். தெருவுக்குக் கம்பி இழுக்காமல், செல்போன் டவரிலிருந்தே வீட்டுக்கு இணையம் தரும் 'ஏர்ஃபைபர்' சேவையை ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ 2023 செப்டம்பர் 19 அன்றும் தொடங்கின. மாடியில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு ரவுட்டர், அவ்வளவுதான். ஜியோ தொடங்கியபோது அதன் ஆரம்பத் திட்டம் நொடிக்கு 30 மெகாபிட் வேகம், மாதம் 599 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 707 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஆக, மாதாமாதம் இரண்டு நாள் கூலிக்கு மேல் இதற்குப் போகிறது. பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கூலியை எடுத்துக் கொடுக்கிறார்கள் நம் பெண்கள்.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது திட்டத்தின் பெயர் அல்ல. வீட்டுக்கு எந்த 'பேண்ட்' வந்து சேர்கிறது என்பதுதான்.

அலைக்கற்றை என்ற சொல் 2ஜி வழக்குக் காலத்திலேயே டீக்கடை வரை வந்துவிட்டது. அதற்குள் பல பட்டைகள் உண்டு என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த 5ஜி ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்றது. அதில் மூன்று பட்டைகளை மட்டும் இங்கே நினைவில் வைத்தால் போதும். 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். ஆனால் ஒடுக்கமானது, ஜியோ வாங்கியது ஒவ்வொரு வட்டத்திலும் 10 மெகாஹெர்ட்ஸ்தான். 3300 மெகாஹெர்ட்ஸ் அகலமானது. ஜியோவும் ஏர்டெல்லும் 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கின. விளம்பரத்தில் சொல்லும் வேகம் வருவது இதில்தான். ஆனால் அதிக தூரம் போகாது. சுவரும் மரமும் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். 26 கிகாஹெர்ட்ஸ் இன்னும் வேகமானது, ஆனால் டவர் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும்.

இப்போது "நாலு கோடு காட்டுது, நெட்டு நகரலை" என்பதன் பொருள் புரியும். டவருக்குப் பக்கத்து வீட்டில் ரவுட்டர் அகலமான பட்டையைப் பிடிக்கிறது. தள்ளியிருக்கும் வீட்டில் அது எட்டாதபோது ஒடுக்கமான பட்டைக்கோ 4ஜிக்கோ இறங்கிவிடுகிறது. அந்தக் கீழ்ப் பட்டை பலமாகத்தான் வருகிறது, அதனால் கோடும் நிறைய காட்டுகிறது. கோடு சொல்வது அலை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டும். பாதை எவ்வளவு அகலம், அதில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதை அது சொல்லாது.

சாயங்காலம் படுத்துக்கொள்வதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒரு டவரின் ஒரு பக்கத்திலிருந்து வரும் கொள்ளளவை அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் போன்களும் எல்லா ரவுட்டர்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான் டவரும் ஆளுக்குக் கொஞ்சம் நேரம் என்று முறைவைக்கிறது. இரவு 7 மணிக்கு எல்லோரும் மடையைத் திறந்தால் முறை சுருங்கும். தூரத்து வீட்டுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. அலை பலவீனமாக வரும் இடத்தில், அதே நேரத்துக்குள் குறைவான தரவுதான் வந்து சேரும். முறையும் குறைவு, முறைக்குள் வரும் தண்ணீரும் குறைவு. இதற்குத்தான் கடைமடை என்று பெயர்.

"அலைக்கு என்ன சாதி தெரியும்?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அலைக்குத் தெரியாதுதான். ஆனால் டவர் ஆகாயத்தில் நிற்பதில்லை. அதற்குப் பட்டா நிலமோ மாடி வீடோ வேண்டும், லாரி போகும் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும். நிறுவனம் வாடகை ஒப்பந்தம் போடுவது பட்டாதாரருடன். தஞ்சை டெல்டாவில் பட்டா யார் பெயரில் இருக்கிறது, நெடுஞ்சாலை ஓரத்தில் மாடி வைத்திருப்பவர் யார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் குடியிருப்பவர் யார் என்பதைச் சமூகவியல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டவரின் முகம் கடைத்தெருவையும் நெடுஞ்சாலையையும் பார்க்கிறது. நம் தெரு அதன் ஓரத்தில் விழுகிறது. நடுவில் தென்னந்தோப்பும் மூங்கிலும். பச்சை இலை, அதுவும் மழையில் நனைந்த இலை, அகலமான பட்டையை நன்றாகவே உறிஞ்சும். அதையும் தாண்டி வந்தால் தாழ்வான தொகுப்பு வீடு. பெட்டியை உயர்த்தி வைக்க மாடி கிடையாது, ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் கம்பம் நட வேண்டும். நம்மை எங்கே குடிவைத்தார்களோ, அந்த இடம்தான் இன்று நமக்கு எந்தப் பட்டை கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறது.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயர் போவது நல்லதுதான். தூரம் அப்படியே இருக்கிறது.

"மெதுவாக வந்தால் என்ன, படம் பார்ப்பது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. படம் பார்ப்பதும் நம் உரிமைதான். ஆனால் உதவித்தொகை விண்ணப்பம் இணையத்தில், கல்லூரிச் சேர்க்கை இணையத்தில், போட்டித் தேர்வுப் பயிற்சி இணையத்தில். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் வருகைப் பதிவுக்குச் செயலியில் படம் ஏற்ற வேண்டும் என்றார்கள். படம் ஏறாவிட்டால் கூலி கேள்விக்குறி. வீட்டில் நெட் வராத பிள்ளை என்ன செய்யும்? சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். அந்த இடம் பெரும்பாலும் ஊர்ப்பக்கம், கடைத்தெரு, மதகுக் கட்டை. இரவு 9 மணிக்கு நம் வீட்டுப் பையன் போனோடு அங்கே நின்றால், "யாருடா நீ, இங்க என்ன வேலை?" என்ற கேள்வி வரும். பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டிலேயே அனுப்ப மாட்டார்கள். படிப்பதற்காக நிற்பது வம்பாகிவிடும் என்று பயந்து, பாதி ஏற்றிய விண்ணப்பத்தோடு திரும்பி வந்த பிள்ளைகளை நாங்கள் அறிவோம். சாதி இந்துத் தெருவில் வேகம் குறைந்தால் அது எரிச்சல். நம் தெருவில் குறைந்தால், நம்மை ஒதுக்கிய இடத்துக்கே போய் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை ரத்து செய்த தீர்ப்பும், இயற்கை வளத்துக்கு மக்களே உரிமையாளர், அரசு அறங்காவலர் மட்டுமே என்ற அடிப்படையில்தான் வந்தது. பொதுச்சொத்து என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு மகாத் நினைவுக்கு வர வேண்டும். பொதுக்குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்ட மேலவை 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் 1924இல் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. தாளில் சவுதார் குளம் திறந்தாயிற்று. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்த் தண்ணீரை அள்ளும் வரை அது நம்மவர் கைக்கு வரவில்லை.

இன்றைய சிக்னல் வரைபடம் அந்த 1924 தீர்மானம் போன்றது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சேவைத்தர விதிகளில், எங்கே எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் வண்ணம் பூசிய இடத்தில் எந்தப் பட்டை வருகிறது, இரவு 8 மணிக்கு என்ன வேகம் என்பது அந்த வண்ணத்தில் தெரியாது. 2023 ஜனவரியில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகத்தை நொடிக்கு 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். 30 என்று சொல்லி வாங்கிய வீட்டுக்கு 3 வந்தாலும் கணக்கில் அது பிராட்பேண்ட் வீடுதான். தாளில் குளம் திறந்தே இருக்கிறது.

கோளாறு கணக்கிடும் அலகில் இருக்கிறது. 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை 26,316 கோடி ரூபாயில் 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு டவர் அமைக்க ஒப்புதல் தந்தது. அங்கே அலகு கிராமம். ஊரும் சேரியும் சேர்ந்ததுதான் ஒரு வருவாய்க் கிராமம். ஊர்ப்பக்கம் சிக்னல் இருந்தால் முழுக் கிராமமும் 'எட்டிய கிராமம்' ஆகிவிடும். சேரி கணக்கிலிருந்து காணாமல் போகும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்திலும் அலகு ஊராட்சிதான். ஊராட்சி அலுவலகத்தில் கம்பி வந்து நின்றால் இலக்கு முடிந்தது. அங்கிருந்து நம் தெருவுக்கு உள்ள தூரத்தைக் 'கடைசி மைல்' என்கிறார்கள். சாலையும் குடிநீரும் மின்விளக்கும் சுடுகாட்டுப் பாதையும் தாமதமாக வந்ததும் அதே மைலில்தான்.

அலகை மாற்ற முடியாதா? முடியும். 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் கிராமத்தை விட்டுக் குடியிருப்பை அலகாக எடுத்துக்கொண்டது. சாலைக்குச் செய்ததை அலைக்கற்றைக்கும் செய்யலாம். நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் வரியாகப் போய்ச் சேரும் நிதி, இன்று டிஜிட்டல் பாரத் நிதி என்ற பெயரில், சேவை எட்டாதவர்களுக்காகவே இருக்கிறது. பணம் இல்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஒன்று, சிக்னல் வரைபடமும் வேக அளவீடும் குடியிருப்பு வாரியாக, மாலை நேர வேகத்தோடு வெளியிடப்பட வேண்டும். இரண்டு, ஊராட்சி அலுவலகத்திலிருந்து கண்ணாடி இழை முதலில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு இழுக்கப்பட வேண்டும். டவர் வழி இணையம் கம்பி வரும் வரைக்குமான ஏற்பாடாக இருக்கட்டும். கம்பி இழுக்காமல் தப்பிக்கும் சாக்காக ஆக வேண்டாம். மூன்று, வீட்டு இணையம் விற்கும் முன் அந்த வீட்டுக் கூரையிலேயே மாலையில் சோதித்து, குறைந்தபட்ச வேகத்தை எழுதித் தர வேண்டும். அது வராவிட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நான்கு, குறைந்த வேகம் கிடைக்கும் வீட்டிடம் முழு வேகத்துக்கான கட்டணம் வாங்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கோட்டை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் வரும். கழித்தல் 80 என்றால் நல்லது, கழித்தல் 110 என்றால் மோசம். டிராயின் மைஸ்பீடு செயலியில் காலை ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஊர்ப்பக்கத்திலும் அதே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். நிறுவனத்திடம் புகார் செய்து எண் வாங்குங்கள், தீராவிட்டால் அதன் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள். ஒரு வீட்டின் புகாரை ரவுட்டர் கோளாறு என்று தள்ளிவிடலாம். ஒரு தெருவே எழுதி வைத்த நோட்டை அப்படித் தள்ள முடியாது.

அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. "எங்கள் குடியிருப்புக்குக் கண்ணாடி இழை வேண்டும்" என்று ஒரு வரித் தீர்மானம் போதும். நிறைவேற்றாவிட்டால் ஏன் என்று எழுதித் தரச் சொல்வோம். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்ததைக் கொண்டாடுவதோடு கடைமடை விவசாயி நிறுத்துவதில்லை; தன் வயலுக்கு வந்ததா என்று மடையில் போய் நின்று பார்க்கிறார். நாமும் நம் மடையில் போய் நிற்போம்.

ஜெய் பீம்.