லேடி மடோனாவுக்குப் பின்பக்கம்

பீட்டில்ஸுக்கும் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் 'நார்வீஜியன் வுட்' சிதார், ரிஷிகேஷ், மகரிஷி. எங்கள் வகுப்பில் இதைத் தாண்டி யாரும் போவதில்லை. பாண்டி பீச் ரோடு பக்கத்துக் காபிக் கடைகளிலும் அதே நாலு பாட்டுதான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. என் ஓட்டு 'தி இன்னர் லைட்'டுக்கு.

1968 மார்ச்சில் 'லேடி மடோனா' இசைத்தட்டின் பி சைடில் வந்த பாட்டு. இரண்டரை நிமிஷத்துச் சொச்சம். அந்த ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் 'வொண்டர்வால்' படத்துக்கு இசையமைக்க பம்பாய் வந்திருந்தார். எச்.எம்.வி. ஸ்டூடியோவில் அந்த வேலைக்கு நடுவே இதன் வாத்திய இசை முழுவதையும் நம்மூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். பிப்ரவரியில் லண்டனில் குரல் சேர்த்தார். சரோத் ஆஷிஷ் கான், புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா! பீட்டில்ஸ் பெயரில் வந்த பாட்டில் பீட்டில்ஸ் யாரும் ஒரு வாத்தியத்தையும் தொடவில்லை. பால் மெக்கார்ட்னியும் ஜான் லென்னனும் கடைசியில் கொஞ்சம் கூடப் பாடுவதோடு சரி.

வரிகளின் கருத்து சீனத்து 'தாவோ தே ஜிங்' நூலிலிருந்து வந்தது. வாசலைத் தாண்டாமலே உலகத்தை அறியலாமாம். (அதைப் பதிவு பண்ண பம்பாய்க்கு ஃப்ளைட் பிடித்திருக்கிறார், அது வேற விஷயம் :-))

என் கோபம் பெயர் விஷயத்தில்தான். 1966ல் 'ரிவால்வர்' ஆல்பத்தில் 'லவ் யூ டு' பாட்டுக்குத் தபலா வாசித்த அனில் பாகவத்தின் பெயரை உறையில் போட்டார்கள். இரண்டே வருஷத்தில், மொத்தப் பாட்டையும் வாசித்தவர்களுக்கு தட்டின் லேபிளில் இடமில்லை. ஹாரிசன், பீட்டில்ஸ், அவ்வளவுதான்.

"அந்தக் காலத்துல ஸ்டூடியோவுல வாசிச்சவங்க பேரை எவன்டா போட்டான்?" என்று நண்பன் மடக்கினான். நியாயம்தான். நம்ம பழைய சினிமா இசைத்தட்டுகளிலும் வயலின் வாசித்தவர்கள் யாரென்று தெரியாது. ரஹ்மான் கேசட் உறையில் பெயர்களைப் போட்டதே பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. ஆனால் அவர்கள் பாட்டுக்குத் துணையாக வாசித்தவர்கள். இங்கே பாட்டே இவர்கள்தானே?

சந்தேகமிருந்தால், 2014ல் வந்த 'வொண்டர்வால்' ஆல்பத்தின் மறுபதிப்பில் குரல் இல்லாத ஒரு டேக் இருக்கிறது. ஹாரிசன் பாடாமலே பாட்டு நிற்கிறது. அதை முதலில் கேளுங்கள், அப்புறம் சண்டைக்கு வாங்க.