கொழுப்பைப் பார்க்கக் கருவி இருக்கு, கிருமியைப் பார்க்க வழி எங்கே?

 

ஆரணி என்றால் பட்டு என்பார்கள் வெளியூர்க்காரர்கள். சுற்றியுள்ள கிராமங்களில் நம்ம வீட்டுக்கு முன்னால் தறி, பின்னால் மாட்டுக் கொட்டகை. சேலை அறுத்துக் கூலி கைக்கு வர நாளாகும். மளிகைக்கடை பாக்கியை அடைப்பது பால் பணம்தான். அந்த மாடு ஏழு மாசச் சினையில் கன்று வீசிவிட்டால்? கன்றும் போச்சு, பாலும் போச்சு. "கண்ணு பட்டுடுச்சு", "சூடு தாங்கல" என்று சொல்லிவிட்டு, விழாத நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்துப் போட்டு, செத்த கன்றை ஏரிக்கரையில் வீசிவிட்டு வேலைக்குப் போகிறோம்.

சில வாரம் கழித்து வீட்டில் ஒருத்தருக்குக் காய்ச்சல். வரும், விடும், மறுபடி வரும். ராத்திரியில் வேர்த்துக் கொட்டும். இடுப்பும் மூட்டும் கழன்று விழுவது போல வலிக்கும். தறி நெய்கிறவர் என்றால் குழியில் உட்கார்ந்து வந்த வலி என்று தைலம் தேய்க்கிறோம். டைபாய்டு என்று ஊசி, வேறென்னவோ என்று மாத்திரை. காசு கரைகிறது, காய்ச்சல் போகவில்லை. "வீட்டில் மாடு இருக்கா? கன்னு வீசுச்சா?" என்று யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

கன்று வீச்சு நோயை உண்டாக்குவது புருசெல்லா என்ற பாக்டீரியா. நஞ்சுக்கொடி, கருநீர், காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கும் வரும். கண்டுபிடித்துவிட்டால் இரண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம் கொடுத்தால் குணமாகும். கண்டுபிடிக்காவிட்டால் முதுகெலும்பு வரை போகும். எல்லாக் கன்று வீச்சுக்கும் இது காரணம் இல்லை. அதனால்தான் பரிசோதனை கேட்கிறோம்.

மால்டா தீவில் காய்ச்சலில் செத்த சிப்பாய்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் 1887-ல் இந்தக் கிருமியைக் கண்டார். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-ல் செமிட் என்ற மருத்துவர் வெள்ளாடுகளின் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகுதான் ஆட்டுப்பால் என்று தெரிந்தது. 1906-ல் சிப்பாய்களுக்கு அந்தப் பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் குறைந்தது. மனுஷனை மட்டும் பார்த்து 18 வருஷம் வீணானது. இன்றைக்கும் நம் நிலை அதுதானே?

பரிசோதனை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ரோஸ் பெங்கால் சோதனையில், ரத்தத்திலிருந்து பிரித்த நிணநீர் ஒரு சொட்டோடு சாயமேற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டைக் கலந்தால், நாலு நிமிஷத்தில் திரிதிரியாகத் திரளுதா இல்லையா என்று தெரியும். பால் வளையச் சோதனை என்று இன்னொன்று. பல மாட்டுப் பாலைக் கலந்த கேனிலிருந்தே பார்க்கலாம். மேலே நிற்கும் ஆடையில் நிற வளையம் விழுந்தால் அந்தக் கேனுக்குப் பால் ஊற்றிய மாடுகளுக்கு ரத்தம் எடுத்து உறுதி செய்யணும். பால் சொசைட்டியில் கொழுப்பு குறைந்தால் காசைக் குறைக்கக் கருவி இருக்கு. அதே பாலில் கிருமியைப் பார்க்க மட்டும் ஏன் தயக்கம்?

2019-ல் மத்திய அரசு கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரு தடவை ஊசி. நல்ல திட்டம், தவறாமல் போடுங்கள் என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் சந்தையில் வாங்கி வந்த பெரிய மாட்டுக்கு அந்த ஊசி என்ன செய்யும்? அதுக்குப் பரிசோதனைதானே வழி!

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேசுவோம். 2009-ம் வருஷச் சட்டப்படி தொற்று நோயைச் சொல்ல வேண்டியது மாட்டுக்காரன் கடமை. சொன்னால் மாட்டின் விலை போச்சு, பால் வாங்க மாட்டார்கள் என்று பயந்து பேசாமல் இருக்கிறோம். பயத்தைப் போக்காமல் கடமையை மட்டும் கேட்டால் நடக்குமா?

நம் மண்ணிலேயே ஒரு வழி இருந்தது. 1980களில், பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் சி.எம்.சி. மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் முயற்சியில், நோயைக் கண்ட மருத்துவர்கள் ஓர் அஞ்சலட்டை போட்டுத் தெரிவிக்கும் முறை நடந்தது. அஞ்சலட்டையில் முடிந்த காரியம் கைப்பேசிக் காலத்தில் முடியாதா?

எனவே அரசிடம் கோருகிறோம்:

1. கன்று வீசிய மாடு ஒவ்வொன்றுக்கும் இலவசப் பரிசோதனை. முடிவை எழுத்தில் கொடு.

2. பால் சொசைட்டிகளில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை வளையச் சோதனை.

3. நோய் கண்ட மாட்டை ஒதுக்கினால் சந்தை விலைக்கு நஷ்டஈடு.

4. கால்நடை மருத்துவமனையும் அரசு ஆஸ்பத்திரியும் தகவல் பரிமாறிக்கொள்ளணும். விடாத காய்ச்சல்காரருக்கு இந்தப் பரிசோதனையும் சேரணும்.

கோரிக்கை நிறைவேறும் வரை நாம் கையைக் கட்டி நிற்க வேண்டாம். கையுறை போடாமல் நஞ்சுக்கொடியைத் தொடாதீர். சினைப் பெண்களைக் கிட்டே விடாதீர். செத்த கன்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். டாக்டரிடம் "எங்க வீட்டு மாடு கன்னு வீசுச்சுங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

மறைத்தால் பரவும்! சோதித்தால் பிழைப்போம்!
ஒன்றுபடுவோம்! கேட்டுப் பெறுவோம்!